பழைய காரும் ஒரு கிலோ வாயுவும்

டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் வெளியே வந்தால், சிவப்புச் செங்கல்லில் எழுந்து நிற்கும் பத்து மாடிக் கட்டடம் ஒன்று கண்ணில் படும். அதுதான் மெக்டோனல்ட் ஹவுஸ். பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அந்தப் பெயரைப் படித்திருப்பீர்கள். 1965 மார்ச் 10ஆம் தேதி அங்கு வெடிகுண்டு வெடித்து மூவர் உயிரிழந்தனர். ஆனால் 1949இல் திறக்கப்பட்டபோது அந்தக் கட்டடம் பேசப்பட்டது வேறு காரணத்துக்காக. முழுவதும் குளிரூட்டப்பட்ட சிங்கப்பூரின் முதல் அலுவலகக் கட்டடம் அது.

அங்கிருந்து ஹேண்டி ரோடு பக்கம் சில நிமிடம் நடந்தால் கேத்தே கட்டடம். 1939 அக்டோபரில் அங்குத் திறக்கப்பட்ட திரையரங்கிலும் குளிரூட்டி இருந்தது. படத்துக்காகச் சீட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர், அந்தக் குளிருக்காகவே வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த வட்டாரத்துக்குக் கார்களோடும் பழைய உறவு உண்டு. ஆர்ச்சர்ட் சாலையின் தொடக்கத்தில் 1920களில் கட்டப்பட்ட மலாயன் மோட்டார்ஸ் காட்சிக்கூடக் கட்டடம் இன்றும் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், கட்டடங்கள் குளிர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், கார்களுக்குள் பெரும்பாலும் சன்னலைத் திறந்தால் வரும் காற்றுதான்.

கட்டடத்தைக் குளிரவைப்பதைவிடக் காரைக் குளிரவைப்பது ஏன் கடினம்? பாடப்புத்தகம் இந்தக் கேள்வியை எனக்குத் தரவில்லை. பெரியப்பாவின் கார் தந்தது.

அது 1980ஆம் ஆண்டில் தயாரான மெர்சிடிஸ், டபிள்யூ123 வகை. நம் நாட்டில் 35 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். பெரியப்பா அந்த 45 நாளையும் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருப்பார். பெரியம்மாவோ அதில் ஏற மறுத்துவிட்டார். “இது காரா, இட்லிச் சட்டியா?” என்பது அவருடைய கேள்வி. குளிரூட்டியின் விசிறி சுற்றியது, காற்று வந்தது, குளிர் மட்டும் வரவில்லை.

இரண்டாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் படிக்கிறேன் என்பதால் “நீ பார்த்துச் சொல்லுடா” என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் காரின் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருபதாம் நூற்றாண்டு வேதியியலின் ஒரு பெரிய அத்தியாயமே ஒளிந்திருக்கிறது என்று.

முதலில் அடிப்படை. டோபி காட்டுக்குப் பெயர் வந்ததே இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்களால்தான். பிராஸ் பாசா ஓடையில் துவைத்து, பக்கத்துத் திடலில் துணிகளைக் காயவைத்தார்கள். ஈரத்துணியைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிரூட்டி செய்வதும் இதே வேலைதான். நீருக்குப் பதில், மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகும் ஒரு திரவம். ஆவியானதை வெளியே விட்டுவிடாமல், கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்குகிறது. காரின் முன்னால் உள்ள கண்டென்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றுக்குப் போய், வாயு மீண்டும் திரவமாகிறது. ஒரு சிறு வால்வு வழியாக அழுத்தம் திடீரெனக் குறையும்போது, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எவாப்பரேட்டரில் அது மறுபடி கொதிக்கிறது. அங்கிருந்துதான் நம் முகத்தில் குளிர் அடிக்கிறது.

நம் ஊரில் அந்த எவாப்பரேட்டருக்கு இன்னொரு சுமையும் உண்டு. இங்கே ஒப்பீட்டு ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவியும் நீராக மாறுகிறது. காரின் அடியில் சொட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 84 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் தரும் அளவு நீராவியை நீராக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் எடுக்க வேண்டும். ஐரோப்பியக் கோடையை மனத்தில் வைத்து உருவான குளிரூட்டி சிங்கப்பூரில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரில் இதையெல்லாம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம். அதுவும் 1939இல்தான், கேத்தே திறந்த அதே ஆண்டு. விலை 274 டாலர். எவாப்பரேட்டர் பெட்டி காரின் பின்புறச் சாமான் அறையில் இருந்தது. கம்ப்ரசரை நிறுத்த ஒரு விசைகூடக் கிடையாது. குளிர் போதும் என்றால் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, முன்மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! சில ஆண்டுகளிலேயே பேக்கார்ட் அதைக் கைவிட்டது. 1954இல் நாஷ் நிறுவனம் எல்லாப் பாகங்களையும் காரின் முன்பக்கத்திலேயே அடக்கி 345 டாலருக்கு விற்றது. இன்றைய கார் குளிரூட்டிகளின் அமைப்பு ஏறக்குறைய அதேதான்.

கட்டடத்தில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் ஓடும். குழாய்கள் உலோகம், அசையாது. காரிலோ கம்ப்ரசர் என்ஜினோடு சேர்ந்து குலுங்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மெதுவாகவும் விரைவுச்சாலையில் வேகமாகவும் சுற்றும். குலுக்கலைத் தாங்க ரப்பர் ஹோஸ்கள் வேண்டும். அந்த ரப்பர் வழியாக வாயு சிறுகச் சிறுகக் கசியும். போதாக்குறைக்கு, கொதிக்கும் என்ஜின் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கசியும் வாயு எது என்று பார்த்தபோதுதான் விஷயம் தீவிரமானது.

பெரியப்பாவின் காரில் இருந்தது ஆர்-12. சிஎஃப்சி குடும்பத்தைச் சேர்ந்த வாயு. 1920களின் இறுதியில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவும் குளிர்பதனத்துக்காக இதைக் கண்டெடுத்தார்கள். அதற்கு முன் பயன்பட்ட அமோனியாவும் கந்தக டையாக்சைடும் நச்சு. ஆர்-12 நச்சும் இல்லை, தீயும் பிடிக்காது, எதோடும் எளிதில் வினைபுரியாது. கொதிநிலை மைனஸ் 29.8 டிகிரி. குளிரூட்டிக்கு வேறென்ன வேண்டும்? எதோடும் வினைபுரியாது என்ற அந்தக் குணம்தான் பிற்பாடு வினையானது. காற்றில் கலந்த ஆர்-12 அழியாமல் ஏறக்குறைய நூறு ஆண்டு இருக்கும். மெல்ல மேலே போய், புற ஊதாக் கதிரில் உடைந்து, அதிலிருந்து வெளிப்படும் குளோரின் ஓசோனை அழிக்கும். 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இதை எச்சரித்தார்கள். 1985இல் அன்டார்க்டிகா மேலே ஓசோன் படலம் மெலிந்துபோனது வெளியுலகுக்குத் தெரிந்தது. 1987 செப்டம்பர் 16ஆம் தேதி மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சிங்கப்பூர் 1989இல் இணைந்தது. மொலினாவும் ரோலண்டும், அவர்களோடு பால் குருட்சனும், 1995இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

இது தேர்வுக்குப் படித்த கதைதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். அந்த வாயு இன்னமும் நம் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், ஒரு குழாய்க்குள் இருக்கிறது என்பது எந்தத் தேர்விலும் வரவில்லை.

முதலில் போன பட்டறையில் சொன்ன வைத்தியம் எளிது. “பழைய கேஸைத் திறந்து விட்டுடலாம், புது கேஸ் அடிச்சிடலாம், ஒரு மணி நேர வேலை.” பெரியப்பாவுக்கும் அது பிடித்திருந்தது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

காரில் இருந்தது ஏறத்தாழ ஒரு கிலோ ஆர்-12. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-12 பூமியைச் சூடாக்கும் அளவு, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. அதாவது பத்து டன் கரியமில வாயுவுக்குச் சமம். அந்தக் கார் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. அப்படியானால் கிலோமீட்டருக்கு 230 கிராம். பத்து டன்னை எட்ட 43,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். பெரியப்பா 45 நாளும் நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஆண்டுக்கு 1,800 கிலோமீட்டர்தான். ஆக, ஒரு வால்வை அரை நிமிடம் திறந்தால் போவது, அவர் 24 ஆண்டு ஓட்டி விடும் புகை. ஓசோன் பாதிப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

பழைய கார்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் புகைக்குழாயைத்தான் காட்டுவார்கள். ஆண்டுக்கு 45 நாள் ஓடும் காருக்கு அது பெரிய பிரச்சினையே இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதன் ஏர்கானில் என்ன இருக்கிறது, அது எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

பெரியப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, வாயுவை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் இன்னொரு பட்டறையைத் தேடிப் போனோம். அறுபதைத் தாண்டிய ஒரு தமிழர் அங்கே வேலை பார்க்கிறார். மூன்று சனிக்கிழமை அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் வேலை, ஆர்-12ஐ ஒரு சிலிண்டருக்குள் இழுத்து எடைபோடுவது. கிட்டத்தட்ட ஒரு கிலோ. வாயு கசியவில்லை, கம்ப்ரசர்தான் தேய்ந்து போயிருந்தது என்பது அப்போது உறுதியானது. அடுத்து, 1990களின் முதல் பாதியில் உலகக் கார் நிறுவனங்கள் மாறிக்கொண்ட ஆர்-134ஏ வாயுவுக்குக் காரைத் தயார் செய்வது. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. கொதிநிலையும் பக்கத்தில்தான், மைனஸ் 26 டிகிரி. அப்படியென்றால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பினால் போதாதா?

“தம்பி, கேஸ் மாத்துறது ரத்தம் மாத்துற மாதிரி. குரூப் பார்க்கணும்,” என்றார் அவர்.

அவர் சொன்ன ‘குரூப்’ முதலில் எண்ணெய். கம்ப்ரசரின் உள்பாகங்களுக்குத் தேவையான எண்ணெய் வாயுவோடு கலந்தே குழாய்களில் சுற்றி வருகிறது. ஆர்-12 கனிம எண்ணெயைக் கரைத்துச் சுமந்து செல்லும். ஆர்-134ஏ அதைச் சுமக்காது. எண்ணெய் எங்கோ ஒரு மூலையில் தங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு சிக்கிக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் கழற்றி அலசி, புதிய வாயுவோடு கலக்கும் செயற்கை எண்ணெய்க்கு மாற வேண்டும். அடுத்தது ஹோஸ். ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் வழியாக எளிதில் நழுவிவிடும். உள்ளே நைலான் அடுக்கு வைத்த ஹோஸ்கள் போட்டார்கள். இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் புட்டி, இரண்டும் புதிது.

பெரிய மாற்றம் கண்டென்சரில். வெப்பமான நேரத்தில் ஆர்-134ஏ, ஆர்-12ஐவிட அதிக அழுத்தத்துக்கு ஏறும். அந்தச் சூட்டை வெளியேற்றப் பழைய வளைகுழாய்க் கண்டென்சருக்குத் தெம்பு போதாது. மெல்லிய தட்டைக் குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடும் புதுவகைக் கண்டென்சர் அதே அளவு இடத்தில் மேலும் அதிக வெப்பத்தை வெளியேற்றும். அதன் முன்னால் ஒரு மின்விசிறி. செலிகி ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் காருக்கு முன்னாலிருந்து காற்று வராது, விசிறிதான் காப்பாற்ற வேண்டும். கனமான பழைய கம்ப்ரசர் போய், குலுக்கல் குறைந்த சிறிய கம்ப்ரசர் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதற்குப் பிறகு. எல்லாவற்றையும் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றை ஒரு பம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். உண்மையில் உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தம் வெளிக்காற்றின் 24இல் ஒரு பங்குக்குக் கீழே போனால், நம் ஊர் 30 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமெல்லாம் அப்படித்தான் வெளியேறுகிறது. ஈரம் மிஞ்சினால் வால்வில் உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வெப்ப இயக்கவியல் வகுப்பில் வரைபடமாகப் பார்த்த கோடு, இங்கே ஒரு முள்ளாக அசைந்தது.

கடைசியில் வாயு. பழைய எடையில் 80 முதல் 90 விழுக்காடுதான் நிரப்ப வேண்டும், கூடினால் அழுத்தம் எகிறும். எங்கள் காருக்குச் சுமார் 850 கிராம். இதுவும் முழுப் புனிதமானதல்ல. ஆர்-134ஏ வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 1,400 மடங்கு. எல்லாம் கசிந்தாலும் 1.2 டன், பழையதில் எட்டில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் 2017 முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு இதுவும் ஆகாது. பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயுவுக்குப் போய்விட்டார்கள். அது இலேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், அதற்கென வடிவமைக்கப்படாத 1980ஆம் ஆண்டுக் காரில் போட வேண்டாம் என்று அங்கிள் மறுத்துவிட்டார். சில இடங்களில் புரோப்பேன், பியூட்டேன் கலவையை நிரப்புவார்கள். அது பழைய எண்ணெயோடு ஒத்துப்போகும், நன்றாகவும் குளிரும். ஆனால் எவாப்பரேட்டர் இருப்பது பயணிகளின் முழங்காலுக்கு முன்னால். சமையல் எரிவாயுவின் தம்பியை அங்கே உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

டாஷ்போர்டில் எதுவும் மாறவில்லை. அதே திருகுகள், அதே காற்றுத் துவாரங்கள். கண்ணுக்குப் படுவதைப் பழையபடி வைத்து, படாததை மாற்றுவது என்ற இந்த ஏற்பாடு எல்லாருக்கும் பிடிப்பதில்லை. கம்ப்ரசர்கூடக் காரோடு வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடும் சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் எஞ்சுவது எந்தக் கார்? ஆனால் இயந்திரத்துக்கு மரியாதை அதை ஓடவைப்பதுதான் என்று நினைக்கிறேன். பெரியம்மாவும் என் கட்சி.

குளிரூட்டியே இல்லாமல் பிறந்த கார்களுக்கு இது வேறு கதை. மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்கால மாடலின் 1,098 சிசி என்ஜினுக்கு 48 குதிரைத்திறன். கம்ப்ரசர் அதில் நான்கைந்தைத் தின்றுவிட்டால் மேட்டில் ஏறும்போது தெரியும். மின்சாரம் தரும் டைனமோ 22 ஆம்பியர்தான். உள்விசிறி, வெளிவிசிறி, இரவில் முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்தால் தாங்காது, ஆல்ட்டர்னேட்டர் மாற்ற வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் வழிவந்த அம்பாசடர் காரைத் தமிழ்நாட்டில் இன்னமும் போற்றி வைத்திருப்பவர்கள், 2014 வரை தயாரான அந்தக் காரின் பழைய மாடல்களில் ஏர்கான் பொருத்தும்போது சந்திக்கும் தலைவலியும் இதே இனம்தான். அப்படிப்பட்ட கார்களுக்கு முதலில் செய்ய வேண்டியது கூரைக்கும் தரைக்கும் வெப்பத்தடுப்பு, கண்ணாடிக்குப் படலம். நம் ஊரில் முன்கண்ணாடியும் முன்பக்கச் சன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி, அதனால் கறுப்பாக ஒட்ட முடியாது. நிறம் இல்லாமல் வெப்பத்தை மட்டும் தடுக்கும் படலங்கள் கிடைக்கின்றன.

எங்கள் காரில் இப்போது துவாரத்தில் வைத்த வெப்பமானி 9 டிகிரி காட்டுகிறது, நண்பகலில், காரை நிறுத்தி வைத்த நிலையில். பெரியம்மா போன வாரம் சால்வை கேட்டார்.

முடியாத ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அந்த ஆர்-12 சிலிண்டர் இன்னும் பட்டறை மூலையில்தான். பெரியப்பாவின் நண்பர் ஒருவர், தன் காரின் ஏர்கானை அசல் நிலையிலேயே வைத்திருப்பவர், அதைக் கேட்கிறார். புதிதாக யாரும் தயாரிக்காத வாயு, அவருக்கு அது தங்கம். கொடுத்துவிடலாம் என்கிறார் பெரியப்பா. அழிப்பதற்கு அனுப்ப வேண்டும் என்கிறேன் நான். அந்த நண்பரின் காரில் இருப்பவை 1970களின் ஹோஸ்கள் என்று அங்கிள் சொல்லியிருக்கிறார். அவற்றை மாற்றிய பிறகு பேசலாம் என்பதில் மட்டும் இப்போதைக்கு மூவரும் ஒத்துப்போயிருக்கிறோம்.